மாத்திரையைச் சொல்லாத சாட்சி

சபையின் நூற்றாண்டு மலருக்கு ஜெபமணியைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவள், பதினோரு பிள்ளைகளை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தன் செலவில் கூட்டிப்போய்க் காட்டியவள், அவளைப் பற்றி நல்லதாக நாலு வரி வேண்டுமாம். அவள் வேலை பார்த்த பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருந்தவள் நான் என்பதால் என்னைக் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் நல்லது மட்டும் தனியாகப் பிரிந்து வர மாட்டேன் என்கிறது. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன். மலரில் இடமில்லை என்றால் போட வேண்டாம்.

என் பெயர் எலிசபெத். சித்தூரில் சபையார் நடத்திய பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். கூடவே சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். முன்கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டால் மூன்று வகுப்புகள் வாயை மூடும், அதில் எனக்கு ரொம்பப் பெருமை. ஜெபமணி எனக்கு நேர் எதிர். பாதி நேரம் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பாள், அதனாலேயே மெதுவாகப் பேசிப் பழகிவிட்டாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவள் புருஷன் எர்னஸ்ட் ரேணிகுண்டா ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கள் காலை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஒரே மகள் லோயிஸ், அறுபத்தொன்றில் பிறந்தவள், எங்கள் பள்ளியிலேயே படித்தாள்.

ஆறு வயது வரைக்கும் அந்தப் பெண் எல்லாப் பெண்களையும்போலத்தான் இருந்தாள். அதற்கப்புறம் என்ன வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவள் திடீரென்று எழுந்து கையில் கிடைத்ததை வீசுவாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டைக் கிழிப்பாள். பிடிக்கப் போனால் போச்சு, கடிப்பாள், உதைப்பாள், எட்டு வயசுப் பெண்ணை இரண்டு டீச்சர்கள் சேர்ந்தாலும் அடக்க முடியாது. ஒரு நாள் வேத பாட டீச்சரின் மணிக்கட்டைக் கடித்து நாலு தையல் போட வேண்டியதாயிற்று. இன்னொரு நாள் அம்மாவின் தையல் அறைக்குள் புகுந்து, வெட்டி வைத்திருந்த பதினெட்டு ரவிக்கைத் துணிகளையும் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக்கினாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அரைமணி நேரம் தூங்கி எழுந்து வந்து, அந்தத் துண்டுகளைப் பார்த்து, “யாரு டீச்சர் இப்பிடிக் கிழிச்சாங்க?” என்று கேட்பாள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே இந்த வயசிலே என்று. கடித்ததற்கு இரண்டு அடி கொடுத்தேன் என்றால், அந்தப் பொய்க்கு ஆறு அடி கொடுத்தேன். உள்ளங்கையை நீட்டச் சொல்வேன், நீட்டுவாள். எதற்கு அடி என்று புரியாத முகத்தோடு நீட்டுவாள். அந்த முகத்தை நடிப்பு என்று நினைத்தேன்.

ஜெபமணியைக் கூப்பிட்டு, “அடியாத மாடு பணியாதும்மா. நீ செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே” என்றேன். பிரம்பைப் பற்றிய வசனத்தையும் எடுத்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து துணி அளக்கும் மரக்கோலால் அவளும் அடித்தாள். அடித்துவிட்டு, தழும்பில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எர்னஸ்டோ ஞாயிற்றுக்கிழமை “நைனா நைனா” என்று மடியில் ஏறுகிற மகளைத்தான் பார்த்தார். “எங்கிட்ட நல்லாத்தானே இருக்கா. வளர்க்கத் தெரியாத உனக்கு எதுக்குப் புள்ள?” என்று பெண்டாட்டியைக் கேட்டார். வாரத்தில் ஒரு நாள் வருகிறவருக்கு எல்லாப் பிள்ளையும் தங்கம்தான்.

பெண்கள் ஐக்கியத்தில் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். லோயிஸுக்காக ஏழு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். இருபது பெண்கள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்து முழங்காலில் நின்றார்கள். அந்த ஜெபத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப் போவதில்லை, அவர்கள் உண்மையாகத்தான் அழுதார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆனபோது பள்ளிப் பியூன் ரங்கையா தையல் அறை வாசலில் நின்று ஜெபமணியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தெலுங்குக்காரன், தமிழும் தெலுங்கும் பாதிக்குப் பாதி கலந்து பேசுவான். அவனுடைய அண்ணன் மகனுக்கும் இப்படித்தான் இருந்ததாம், வேலூரில் தலைக்கென்று தனி டாக்டர்கள் இருக்கிறார்களாம், மாத்திரை கொடுத்தார்களாம், இப்போது பையன் லாரிக்கு லோடு ஏற்றுகிறானாம்.

வேலூர் எங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். பித்தப்பைக் கல்லுக்கும் கர்ப்பப்பைக்கும் அங்கே போய் வருவது எங்கள் சபையில் ஒரு கௌரவம். போய் வந்தவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, போதகர் வாயால் பெயரை வாசிக்கக் கேட்டு மகிழ்வார்கள். ஆனால் தலைக்கு வைத்தியம் என்றால் அதே ஊர் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஆகிவிடும். ஜெபமணி என் அறைக்கு வந்து லீவு கேட்டபோது, காரணத்தைச் சொல்ல முடியாமல் முந்தானையைத் திருகினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நான்தான் யோசனை சொன்னேன்: “கண் வைத்தியம்னு எழுதிக் குடு. கேக்கறவங்களுக்கும் அதையே சொல்லு.” திரும்பி வந்தபோது லோயிஸின் மூக்கில் பவர் இல்லாத வெறும் கண்ணாடி ஒன்று இருந்தது. சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று அம்மா பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி மாட்டிவிட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவள் சொன்ன சொல்லை நிஜமாக்க எதுவும் செய்வாள் என்று அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வேலூரில் நடந்ததைத் தையல் அறையில் வைத்துச் சொன்னாள். ஒரு லேடி டாக்டர், இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேள்வி கேட்டாராம். வீசி எறிவதற்கு முன்னால் பெண் எங்கேயோ வெறித்துப் பார்ப்பாளா, வாயைச் சப்புக் கொட்டுவாளா, பாவாடை ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருப்பாளா என்று. எல்லாம் இருந்தது. கூட இருந்து பார்த்த மாதிரி கேட்டாங்க டீச்சர் என்றாள் ஜெபமணி. தலையில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார்கள். இது ஒரு வகை வலிப்பு என்றார்கள், கை கால் இழுக்காத வலிப்பு. அந்த நேரத்தில் பிள்ளைக்குச் சுயநினைவே இருக்காது, யாராவது இறுக்கிப் பிடித்தால் திமிறிக்கொண்டு கடிக்கும், முடிந்த பிறகு ஒன்றும் ஞாபகம் இருக்காது.

“புள்ள பொய் சொல்லல டீச்சர்” என்றாள். “அதுக்கு நெஜமாவே தெரியாதாம். நான் அடிச்சிக்கினே இருந்தேன்.”

அவள் அழவில்லை. நான் “ஓ, அப்படியா” என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நடக்கும்போது என் உள்ளங்கை எரிவதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தலைமையாசிரியை ஒன்பது வயசுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதா என்று ஒரு வறட்டு ரோஷம்.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சின்ன வெள்ளை மாத்திரை. குறைந்தது மூன்று வருஷம் சாப்பிட வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும் என்று டாக்டர் மூன்று தடவை சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது. நாலு வாரத்தில் லோயிஸ் வேறு பெண்ணாகிவிட்டாள். வாய்ப்பாடு சொன்னாள், பாண்டி ஆடினாள், கடிபட்ட டீச்சருக்கே பூப் பறித்துக் கொடுத்தாள். அதே நேரத்தில் எங்கள் ஏழாவது வெள்ளிக்கிழமையும் முடிந்தது. இருபது பெண்களும் தங்கள் கண்ணாலேயே பதிலைப் பார்த்தார்கள். மாத்திரை என்ற ஒன்று இருப்பது சபையில் ஜெபமணிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ரங்கையா எங்கள் சபைக்காரன் இல்லை. எர்னஸ்டிடம்கூடக் கண்ணுக்குச் சத்து மாத்திரை என்றுதான் சொல்லியிருந்தாள்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு, ஆண்டவர் செய்த நன்மையைச் சபை முன் எழுந்து சாட்சி சொல்கிறவர்களின் பட்டியலை நான்தான் போட்டேன். முதல் பெயராக ஜெபமணியை எழுதினேன். பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

“டீச்சர், மாத்திரையையும் சொல்லிடட்டுமா?”

“அத்த ஏன் நடுவுல இழுக்கறே?” என்றேன். “மாத்திரைன்னா இன்னா மாத்திரை, எந்த ஆஸ்பத்திரின்னு கேப்பாங்க. ஊர் வாயை மூட முடியுமா? நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவ வேணாமா? ஜெபத்தைச் சொல்லு, ஆண்டவரைச் சொல்லு, அது போதும்.”

“மறைக்கிற மாதிரி ஆவாதா?”

“மறைக்கறது வேற, சொல்லாம வுடறது வேற” என்றேன். இப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி.

மறுநாள் ஊசி கவ்வாத வாயால் அவள் பேசினாள். சபையில் அழாதவர்கள் இல்லை. திருப்பதியிலிருந்து வந்திருந்தவர்கள் தங்கள் சபைக்கு வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். கங்காதர நெல்லூரில் கூப்பிட்டார்கள், சத்தியவேடு பக்கம் கூப்பிட்டார்கள். ஞாயிறுதோறும் அம்மாவையும் மகளையும் நான் கூட்டிக்கொண்டு போனேன். போகப் போகச் சாட்சி மெருகேறியது. முதலில் ‘ஜெபித்தோம், குணமாயிற்று’ என்றிருந்தது, ‘டாக்டர்கள் கைவிட்டார்கள்’ என்று ஆனது. அந்த வரியைச் சேர்த்தது நானா அவளா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நானாகத்தான் இருக்கும்.

ஜெபமணி அந்த மாதங்களில் மெலிந்துகொண்டே வந்தாள். அலைச்சல் என்று நினைத்தேன். உண்மை என்னவென்று பிற்பாடு அவளே சொன்னாள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஜனங்கள் அழும்போது, கைப்பைக்குள் இருக்கும் மாத்திரைப் பொட்டலம் அவளுக்கு நெருப்பாகச் சுட்டதாம். சாட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, அத்தனை ஊர் கேட்டாயிற்று. எடுத்துவிடக் கூடியது மாத்திரை ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும் என்று அவள் நினைத்திருக்கிறாள். எழுபத்தொன்றாம் வருஷம் பிப்ரவரி மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் மாத்திரையை நிறுத்தினாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேன் என்று நம்ப எனக்கு ஆசையாக இருக்கிறது.

அந்த வாரம் சனிக்கிழமை திருப்பதியில் பெரிய கூட்டம். சித்தூரிலிருந்து ஐக்கியத்துப் பெண்கள் நாலு பேர், ஜெபமணி, லோயிஸ், நான், எல்லோரும் பஸ்ஸில் போனோம். பூதலப்பட்டு தாண்டினதும் லோயிஸ் ஜன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்க்க ஆரம்பித்தாள். பாவாடையின் ஓரத்தைப் பிய்த்தாள். ஜெபமணி என் கையைப் பிடித்தாள். சந்திரகிரிக்கு முன்னாலேயே வலிப்பு வந்துவிட்டது, இந்தத் தடவை கை காலெல்லாம் இழுத்தது. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. வாயில் நுரையும் ரத்தமும். டிரைவர் நல்ல மனுஷன், எங்கும் நிறுத்தாமல் நேராகத் திருப்பதி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டார்.

டியூட்டி டாக்டர் இளவயசுக்காரர், ஓடி வந்தார். எவ்வளவு நேரமாக, காய்ச்சல் இருந்ததா, முன்பு வந்திருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். கடைசியாக, ஏற்கெனவே ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று கேட்டார்.

ஜெபமணி என்னைப் பார்த்தாள். என்னைச் சுற்றிலும் ஐக்கியத்துப் பெண்கள் நாலு பேர். பஸ் ஸ்டாண்டில் எங்களை வரவேற்கக் காத்திருந்த திருப்பதிச் சபையார் வேறு, விஷயம் தெரிந்து ஓடி வந்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அவர்கள் முன்னால்தான் அவள் சாட்சி சொல்லவேண்டும். அவள் வாய் திறந்தது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“ஏமி லேது” என்றேன். ஒன்றும் இல்லை.

யோசித்துச் சொல்லவில்லை. ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய், தானாக வந்து விழுந்தது. டாக்டர் அதை நம்பி, மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்று அதற்கான வைத்தியத்தில் இறங்கினார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. படித்த அம்மாள், டீச்சர், பார்த்தால் மரியாதைப்பட்டவள், அவள் சொன்னால் நம்பத்தானே செய்வார்? நாங்கள் வெளியே வராந்தாவில் முழங்காலிட்டோம். நான்தான் சத்தமாக ஜெபித்தேன். ஜெபமணி முழங்காலிடவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். கைப்பையிலிருந்து வேலூர்ச் சீட்டை எடுத்து டாக்டர் கையில் திணித்தாள்.

“மாத்திரை இருந்திச்சு சார். ஆறு நாளா நான் குடுக்கல. தப்பா சொல்லிட்டேன்.”

சொல்லிட்டேன் என்றாள். சொன்னது நான். டாக்டர் சீட்டைப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிட்டு வேறு ஊசி போடச் சொன்னார், கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. வெளியே பெண்களுக்குள் குசுகுசுவென்று பேச்சு. பெத்தவளே வாயை மூடிக்கொண்டு நின்றால் டீச்சருக்கு எப்படித் தெரியும் பாவம் என்று ஒருத்தி சொன்னாள். எனக்குத் தெரியும் என்று அந்த வராந்தாவில் ஒருத்திக்கும் தெரியாது. நான் அதைத் திருத்தவில்லை.

லோயிஸ் பிழைத்தாள். மூன்று வாரம் வேலூரில் வைத்திருந்தார்கள். வலது கை பிடிமானம் போயிற்று, பேச்சு இழுத்துக்கொண்டது, எழுத்தெல்லாம் மறந்தது. அந்த லேடி டாக்டர், “யாரும்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னது?” என்று கேட்டபோது நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். “யாரும் சொல்லல டாக்டரம்மா. நானேதான்” என்றாள் ஜெபமணி. அந்த ஒரு மணி நேரத்தால்தான் கை போயிற்றா என்று நான் அப்புறம் தனியாகக் கேட்டேன். “சொல்ல முடியாது. அதனாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்றார். அந்தப் பதிலில் பாதியைப் பிடித்துக்கொண்டு சில வருஷம் நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

எர்னஸ்ட் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். மாத்திரையை நிறுத்தினதைக்கூட அவர் ஒருவேளை மன்னித்திருப்பார், மூட பக்தி என்று. டாக்டர் நேராகக் கேட்டும் பெற்ற தாய் ஒரு மணி நேரம் சும்மா நின்றாள் என்று பெண்கள் சொல்லக் கேட்டாரே, அதை அவரால் விழுங்க முடியவில்லை. சனிக்கிழமை வருவார், மகளோடு பேசுவார், திங்கட்கிழமை போவார். நான் ஒரு நாள் வீட்டுக்குப் போய் ‘மாத்திரை இருப்பது தெரிந்தே அந்த வார்த்தையைச் சொன்னது நான்’ என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் பேச்சுத் திரும்பியிருக்கும். எத்தனையோ சனிக்கிழமை அந்தத் தெரு முனை வரைக்கும் போயிருக்கிறேன். போய், காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

லோயிஸைத் தையல் அறையிலேயே உட்கார வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தேன். பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேறு எந்தத் தலைமையாசிரியை இப்படி இடம் கொடுப்பாள் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு நின்றேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

எழுபத்துநாலில் ஜெபமணி முதல் பிள்ளையை வேலூருக்குக் கூட்டிப் போனாள். சுவரில் தலையை முட்டிக்கொள்கிற ஒரு பையன். வரதய்யபாளையத்திலிருந்து சாமியாடியிடமும் போதகரிடமும் மாறி மாறிக் கொண்டுபோய் அலுத்திருந்தார்கள். அதற்கப்புறம் யார் யாரோ கேள்விப்பட்டு வந்தார்கள். அடங்காத பிள்ளை, பேசாத பிள்ளை, நெருப்பு வைக்கிற பிள்ளை. எல்லோருக்கும் மாத்திரை இல்லை; சிலருக்குப் பேச்சுப் பயிற்சி, சிலருக்கு அப்பா அம்மாவுக்கே புத்திமதி. அவளே பஸ்ஸில் கூட உட்கார்ந்து போவாள், வரிசையில் நிற்பாள், டாக்டர் பேசுவதைத் தாய்மாருக்குப் புரிகிற மாதிரி சொல்வாள். திரும்பும்போது ஒவ்வொருத்தியிடமும் லோயிஸைக் காட்டி, “நான் நிறுத்தினேன், பாரு இப்பிடி ஆயிடுச்சி. நீ நிறுத்தாத” என்பாள். பதினோரு தாய்மாரிடம் தன் குற்றத்தைச் சொன்னாள். என் பெயரை ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

பதினோராவது பிள்ளை கங்காதர நெல்லூர் செல்லியம்மாவின் மகன். செல்லியம்மா கரும்பு வெட்டுக் கூலிக்காரி, புதிதாகச் சபையில் சேர்ந்தவள். மகனுக்கு லோயிஸுக்கு வந்ததே வந்திருந்தது, மாத்திரையில் அடங்கியது. எண்பத்துநாலு அறுப்பின் பண்டிகைக்குச் சாட்சிப் பட்டியலில் அவள் பெயரை நானே எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் வெட்கம்தான் பதில். பட்டியல் போடுவது என் பழக்கம், நல்ல சாட்சி கிடைத்தால் விடமாட்டேன்.

செல்லியம்மா எழுந்து, ஜெபத்தாலேயே மகன் சுகமானான் என்று இரண்டு வரி சொல்லியிருப்பாள். பெண்கள் பக்கத்தில் நடுவரிசையிலிருந்து ஜெபமணி எழுந்தாள். லோயிஸுக்கு அப்போது இருபத்துமூன்று வயசு, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவளும் எழுந்தாள்.

“செல்லி, மாத்திரையைச் சொல்லு” என்றாள் ஜெபமணி.

கோயிலில் சலசலப்பு. போதகர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

“நானும் இங்கதான் சாட்சி சொன்னேன். அப்ப எம் பொண்ணு மாத்திரை துன்னுக்கினு இருந்தா. அத்த மறைச்சேன். அப்பால சாட்சி பொய்யாவக் கூடாதுன்னு மாத்திரையை நிறுத்தினேன். ஜெபமும் அவர் குடுத்ததுதான், மாத்திரையும் அவர் குடுத்ததுதான். இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா எம் பொண்ணு இன்னிக்கு நல்லா இருப்பா.”

ஆண்கள் பக்கத்திலிருந்து எர்னஸ்ட் எழுந்தார். அந்த வருஷம்தான் ரிட்டையர் ஆகி வீட்டோடு வந்திருந்தார். பதிமூன்று வருஷமாகப் பெண்டாட்டியிடம் பேசாதவர், சபைக்கு நடுவில் நின்று அவளிடம் பேசினார்.

“இவ்ளோ பேசறியே. திருப்பதியில டாக்டரு வாயத் தொறந்து கேட்டப்போ ஏன் சொல்லல? ஒரு மணி நேரம் பேசாம நின்னியே, அது ஏன்? அத்தயும் சபைக்குச் சொல்லு.”

ஜெபமணி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன், அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அவள் தரையைப் பார்த்தாள்.

“பயந்துட்டேன்” என்றாள். “என் தப்புதான்.”

நான் பீடத்துப் படியில் நிகழ்ச்சித் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எர்னஸ்டுக்கும் எனக்கும் பத்தடி தூரம் இருக்கும். தெரிந்தே சொன்னது நான் என்று மூன்று வார்த்தை. போதகர், எப்படியாவது சமாளியுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். அடுத்த கீர்த்தனையின் எண்ணைச் சொன்னேன். என் குரல் நடுங்கவே இல்லை. சபை எழுந்து பாடியது.

எர்னஸ்ட் அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். அந்த மூன்று வருஷமும் ஜெபமணி கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. அவள் போட்டுக் கொடுப்பாள், லோயிஸ் கொண்டுபோக வேண்டும். கை நிற்காது, பாதி வழியிலேயே சிந்திவிடும். மிச்சம் இருந்ததைக் குடிப்பார்.